பச்சை என்றால் தொடலாம்

செவ்வாய்ப்பேட்டையில் இசபெல்லாவின் வீட்டில் சுவிட்சைத் தொடுகிற ஒரே ஆள் இசபெல்லாதான். அவளுடைய அப்பா பாக்கியநாதன் தொடமாட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் மின்விசிறியைச் சுழலவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அது சுழன்றுகொண்டே இருக்கும். ஐப்பசி மழையில் குளிரெடுத்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாரே தவிர, எழுந்துபோய் நிறுத்தமாட்டார். டவுன் பஸ் தாமதித்து, அவள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் வீடு இருண்டு கிடக்கும். அந்த இருட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்து, லைட்டைப் போடட்டுமா என்று கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்கே அவருக்கு உடம்பு தூக்கிவாரிப்போடும். பெரியவருக்கு ஏதோ கோளாறு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

கோளாறு ஒன்றுமில்லை. ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் எலக்ட்ரீசியனாக இருந்தவர். இசபெல்லா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மோட்டார் ஒன்று மக்கர் செய்ய, மாரி என்கிற ஃபிட்டர் அதன் வயர்ப் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் சற்றுத் தள்ளி, மெயின் சுவிட்சின் பிடியில் கைவைத்தபடி நின்றார். மில் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும். கூட இருந்த ஆள் மாரியிடம், மூடியைப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேலை முடிகிற தறுவாயில் இருந்த மாரி, "போடு, போடு" என்றார். பாக்கியநாதனின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல் மட்டும்தான். அவர் போட்டார்.

மாரி அங்கேயே முடிந்துபோனார். விசாரித்தவர்கள் விபத்து என்றார்கள். மாரியின் வீட்டார்கூட பாக்கியநாதனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது நாலு திட்டு திட்டியிருந்தால் மனிதர் அழுது தீர்த்துத் தேறியிருப்பாரோ என்னவோ. அன்றோடு வேலையை விட்டார், சுவிட்சை விட்டார், 'போடு' என்ற சொல்லையும் விட்டார்.

அந்தச் சொல் இல்லாமல் தமிழில் ஒரு நாளை ஓட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. டீ போட வேண்டும், சட்டை போட வேண்டும், பூட்டுப் போட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். பாக்கியநாதன் வீட்டில் டீ வைத்தார்கள், சட்டையை மாட்டினார்கள், கதவைப் பூட்டினார்கள், சண்டைகூடப் பிடித்தார்கள். அம்மா கடைசிவரை அப்படியே பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். தம்பி ஜோஸ்வா ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான். அவர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் சொல்லாமல், அவளுக்கும் அது நாக்கில் வராமலே போய்விட்டது.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள் மின்சாரம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்கக் கூடாது. இசபெல்லாவோ போயும் போயும் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்து, சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியின் பிளாஸ்மா ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், வேலை கிடைத்தது, சேர்ந்தேன் என்பாள். விஷயம் அதில்லை. அறைக்குள் பாம்பு இருக்கிறது என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்வதைவிடப் பாம்பையே பார்த்துக்கொண்டிருப்பது மேல் என்று நினைக்கிற ரகம் அவள். பார்த்துக்கொண்டே இருந்தாள், பயந்துகொண்டே இருந்தாள். தன் உயிரைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயமில்லை. சுவிட்ச் தன் கையில் இருக்க, இன்னொருவரின் கை உள்ளே இருக்க, அப்பா நின்ற இடத்தில் தானும் ஒரு நாள் நிற்க நேருமோ என்பதுதான் அவளுடைய பயம்.

அங்கே நடந்த வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்று. அதிலிருந்து காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆர்கான் வாயுவைக் கொஞ்சூண்டு விடுவார்கள். குழாயின் இரு முனையிலும் உலோகத் தட்டுகள், ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். நானூறு ஐந்நூறு வோல்ட் கொடுத்ததும் உள்ளே ஊதா வெளிச்சம் பரவும். வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு ஓடுவதால் வருகிற வெளிச்சம் அது. வெளியே தொட்டால் குழாய் இளஞ்சூடுதான். உள்ளே ஓடுகிற எலக்ட்ரான்களோ இருபதாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும். வெளியே தெரியாத அந்தச் சூட்டை, அந்த எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பதுதான் அங்கே ஆராய்ச்சி.

அளக்கிற கருவி ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பி. பீங்கான் உறைக்குள்ளிருந்து நுனி மட்டும் வெளியே தெரியும்படி அதைக் குழாய்க்குள் செருகி வைப்பார்கள். புரோப் என்று பெயர். அதற்கு மைனஸ் அழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்களை அது விரட்டும். வேகம் உள்ளவை மட்டும் மீறிக்கொண்டு வந்து சேரும். பட்டிக்கு வேலி கட்டி, வேலியின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு உயரத்துக்கும் எத்தனை ஆடு தாண்டுகிறது என்று எண்ணுகிற மாதிரி. எண்ணி முடித்தால் எந்த ஆட்டுக்கு எவ்வளவு தெம்பு என்று தெரிந்துவிடும். இந்த எண்ணிக்கையைச் செய்வது பேட்டரியில் ஓடுகிற ஒரு தகரப் பெட்டி. அதன் திருகைத் திருப்பித் திருப்பி அளவு வரம்பை மாற்ற வேண்டும்.

திருப்புகிறவன் பூபதி. சேந்தமங்கலத்துப் பையன். அப்பா பச்சமுத்து மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயி. அந்தக் குடும்பத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் ஆள் அவன். அவனுடைய அம்மா அங்காளம்மாள் ஒரு முறை ஒரு பை நிறையக் கிழங்கோடு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டாள். ஊதா வெளிச்சத்தைப் பார்த்ததும் இது கரண்ட்டா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. கிழங்கு வயலில் மோட்டாரைத் தட்டிவிடப் போய் மாண்டவர்களை அவளுக்குத் தெரியும். கிளம்பும்போது இசபெல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எம்பட பையன் உங்க கையிலதானுங்க இருக்கான். நீங்கதான் சாமி பாத்துக்கோணும்" என்றாள்.

வேறு யாராவதாக இருந்தால் சரிங்கம்மா என்று சிரித்து அனுப்பியிருப்பார்கள். இசபெல்லாவுக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

பாதுகாப்புக்கு அவள் வைத்திருந்த ஒழுங்கு ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்திலும் பம்ப் இரைச்சல்தான், மில்லைப் போலவே. அதனால் 'போடு', 'எடு' என்ற பேச்சே அங்கே கூடாது. மின்சாரம் ஓடுகிறதென்றால் "சிவப்பு" என்று அவள் சொல்வாள். மின்சாரத்தை நிறுத்தி, மின்சாரம் ஏறுகிற முனையில் எர்த் கம்பியின் கொக்கியையும் மாட்டி, மிச்சம் மீதி இருப்பதெல்லாம் மண்ணுக்கு இறங்கிய பிறகுதான் "பச்சை" என்பாள். பச்சை என்றால் தொடலாம். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் யாரும் எதையும் தொடக் கூடாது. சொல் வந்த பிறகும், கொக்கி மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கைநீட்ட வேண்டும். மாணவர்கள் அவளுக்கு சிக்னல் அக்கா என்று பட்டம் கட்டினார்கள். பூபதி ஒருபடி மேலே போய், எங்கப்பா பேர்லயே பச்சை இருக்குதுங்கக்கா, அவரைத் தாராளமாத் தொடலாம் என்று கேலி செய்வான். அவளும் சிரித்துவிட்டு, கொக்கியை இன்னொரு தடவை பார்த்துக்கொள்வாள்.

இவ்வளவு நாளும் பயத்துக்கு ஒரு கரை இருந்தது. பிளஸ் தட்டை எர்த்தோடு இணைத்திருந்தார்கள். பெட்டியும் பிளஸ் பக்கத்தோடு சேர்ந்தது என்பதால் அதைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. பிறகு பூபதியின் ஆராய்ச்சிக்கு அதிக மின்னோட்டம் தேவைப்பட்டது. பழைய எஃகு மைனஸ் தட்டு சூடு தாங்காது என்று செம்பில் ஒன்று செய்து, அதற்குள் தண்ணீர் ஓட வழி வைத்தார்கள். நம் பக்கத்து போர்வெல் தண்ணீரைத்தான் தெரியுமே, குடத்தில் வெள்ளைப் பொருக்குத் தட்டுகிற உப்புத் தண்ணீர். மின்சாரத்தை அது ஜோராகக் கடத்தும். தண்ணீர் ஓடுகிற தட்டில் ஐந்நூறு வோல்ட் நின்றால் குழாய், தொட்டி, தரை என்று எங்கெங்கே போகுமோ. ஆகவே எர்த்தை மைனஸ் பக்கம் மாற்றச் சொன்னார், பூபதிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர். மாற்றினார்கள். தண்ணீர் பத்திரமாயிற்று. ஆனால் பிளஸ் பக்கம் முழுவதும் ஐந்நூறு வோல்ட்டுக்கு ஏறிக்கொண்டது, தகரப் பெட்டியும் சேர்த்து.

பார்த்தால் அதே பெட்டிதான். அதே திருகு, அதே கீறல். தடித்த நைலான் பலகைமேல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். சிவப்பில் அதைத் தொட்டால் ஆள் காலி. தள்ளி நின்று திருகைத் திருப்ப ஒரு நீளப் பிடி செய்யச் சொல்லியிருந்தார்கள், பட்டறையிலிருந்து அது வந்தபாடில்லை. ரப்பர் கையுறையோடு அந்தச் சின்னத் திருகைப் பிடிக்க முடியவில்லை என்று பூபதி கையுறையையும் கழற்றிவிட்டான். பிடி வரட்டும், அதுவரை வேண்டாம் என்று இசபெல்லா சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, எர்த் மாட்டி, பச்சை சொல்லித்தானே செய்கிறோம், நீங்கள் இருக்கும்போது என்ன பயம் என்றார் பேராசிரியர். அவர் தைரியம் சொன்னார். அது அவள் தலையில் பாறாங்கல்லாக இறங்கியது.

அப்படியே சில நாள் நடந்தது. நிறுத்து, கொக்கி, பச்சை. அவன் திருகைத் திருப்பி விலகுவான். கொக்கியை எடு, சிவப்பு, அளவு. மறுபடி நிறுத்து, கொக்கி, பச்சை. நடக்க நடக்கப் பூபதிக்குப் பழகிவிட்டது. இசபெல்லாவுக்குப் பழகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாரியின் பெயரைச் சொல்லி வேண்டுகிறவள், இப்போது பூபதியின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். செத்தவரையும் உயிரோடிருப்பவனையும் ஒரே மூச்சில் சொல்கிறோமே என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

அன்று மதியத்துக்கு மேல். மின்னோட்டத்தை வழக்கத்தைவிட ஏற்றியிருந்தார்கள். அவள் குழாயைப் பார்த்தபடி சுவிட்ச் பலகையின் முன்னால் இருந்தாள். எர்த் கம்பி அவள் வலது கைப்பக்கம் ஆணியில் தொங்கிற்று. பூபதி குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் குனிந்து, அதன் முள்ளிலேயே கண்ணாக இருந்தான். அந்த வரம்புக்கான அளவு முடிந்துவிட்டது. அடுத்த வரம்புக்குத் திருப்ப வேண்டும். அவள் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி காலியானது இருவருக்கும் தெரியாது. தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றதை பம்ப் இரைச்சல் விழுங்கிவிட்டது. செம்புத் தட்டு சூடேறிக்கொண்டே போனது. செம்பு ஆவியானால் அதன் வெளிச்சம் ஊதா அல்ல. இசபெல்லா பார்த்துக்கொண்டிருக்கும்போதே மைனஸ் தட்டைச் சுற்றிக் கிளிச்சிறகு மாதிரி ஒரு நிறம் கசிந்து, சட்டென்று பரவி, ஊதாவைத் தின்றுகொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குழாய்க்குள் அவள் பார்த்திராத நிறம். நெஞ்சு திடுக்கிட்டது. திடுக்கிட்டால் வாய் சும்மா இருக்குமா?

"பச்சை" என்றாள்.

சொன்னது தன் வாய்தான் என்பது, பூபதியின் கை பெட்டியை நோக்கி எழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொக்கியைப் பார்க்கவில்லை. அவளை நம்பினான்.

கத்த நேரமில்லை. நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் பெட்டிக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும், ஆளைக் கொல்ல அது போதும் என்று அவளுக்குத் தெரியும். கை தானாக எர்த் கம்பியைப் பிடுங்கியது. மின்சாரம் ஓடும்போது அந்தக் கொக்கியைப் பிளஸ் முனையில் வைக்கவே கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கொக்கியை ஓங்கிப் பிளஸ் முனைமேல் அடித்தாள்.

இடி விழுந்தது போல ஒரு வெடிப்பு. கண் முழுக்க வெள்ளை. பிறகு குழாய் அணைந்தது, விளக்குகள் அணைந்தன, பம்ப்பும் ஓய்ந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டறியாத நிசப்தம் அந்த அறையில். காய்ந்த மயிர் பொசுங்குகிற வாடை. அது தன் முழங்கையிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. இருட்டில் பூபதி இருந்த பக்கம் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, பதில் வராவிட்டால்? மாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அப்பா ஒருமுறை அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கூப்பிடவில்லை. அங்கேயே நின்றாள்.

தரையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. பூபதி உட்கார்ந்த வாக்கில் விழுந்து கிடந்தான். விரல் பட்டது முதலிலா, கொக்கி விழுந்தது முதலிலா என்று யாராலும் சொல்ல முடியாது. தோள்வரை ஒரு உதறல் உதறித் தள்ளியதாகச் சொன்னான். வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். அவள் கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விட்டதும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க பச்சைன்னீங்கக்கா" என்றான்.

குற்றமாகச் சொல்லவில்லை. குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான், அவ்வளவுதான். அவளைச் சாய்க்க அதுவே போதுமானதாக இருந்தது.

பேராசிரியர் ஓடிவந்தார். பூபதியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இசபெல்லாவின் கைக்கு மருந்து தடவிக் கட்டினார்கள். எர்த் கம்பியின் கொக்கி உருகிப் பிளஸ் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். நீங்கள் மட்டும் அந்த நேரத்தில் அதைச் செய்யாவிட்டால் பையன் இல்லை என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைகூடக் குலுக்கினார். தன் வாயால்தான் அவன் கைநீட்டினான் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று அவர் ஆறுதல் சொன்னார். அப்பாவையும் அன்றைக்கு இப்படித்தான் ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். போன் அடித்தது. அங்காளம்மாள். எடுக்கவில்லை. எடுத்து இசபெல்லா என்ன சொல்லுவாள்? உங்க பையன் என் கையில்தான் இருந்தான், நான்தான் தொடச் சொன்னேன் என்றா? நிறத்துக்குப் பெயர் வைத்தது கடவுள், அந்தப் பெயரை எடுத்து உயிருக்குக் காவல் வைத்தது நான் என்று நினைத்தாள். அப்பாவின் சொல்லைக் கண்டு ஓடி ஓடிப் போய் இன்னொரு சொல்லில் வந்து இடித்துக்கொண்டோமே என்று நினைத்தாள். செவ்வாய்ப்பேட்டை நிறுத்தத்தில் இறங்கியபோது மளிகைக் கடைகளில் விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது.

வீடு இருட்டாகத்தான் இருந்தது. நாற்காலியில் அப்பா இருப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றுவிட்டது. வெறும் ட்யூப் லைட். அவள் கைபட்டு ஆயிரம் தரம் எரிந்தது. அதை அழுத்தினால் இந்த வீட்டுக்குள் எங்கோ, யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது. கையைக் கீழே இறக்கினாள். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அப்பா எதற்குள் உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

என்னாச்சு என்று அவர் கேட்டார். இருட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். தண்ணீர் நின்றது, செம்பு சுட்டது, நிறம் மாறியது, தான் வாயைத் திறந்தது, அவன் கை எழுந்தது. எதையும் விடாமல் சொன்னாள். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பையன்?"

"இருக்கான்ப்பா."

நாற்காலி கிறீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டே அவர் வருவது கேட்டது. குனிந்து, கட்டுப் போடாத அவளுடைய கையைத் தேடிப் பிடித்து அவளை எழுப்பி நிறுத்தினார். அந்தக் கையை சுவரில் உயர்த்தி சுவிட்சின்மேல் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகு, அவள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து கேட்டிராத சொல்லை அவர் சொன்னார்.

"போடு, சாமி. நான் உம் மூஞ்சியப் பாக்கோணும்."

அவள் போட்டாள்.